பறவை இல்லாத படம்

காத்மாண்டு
14.10.2000

தேவிகாவுக்கு,

கை கால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. நீ கேட்கப்போகிற முதல் கேள்வி அதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். பெங்களூரிலிருந்து கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து எல்லைக்கு ஒரு பஸ், எல்லையிலிருந்து இன்னொரு பஸ். இறங்கும்போது இடுப்பு மட்டும் தனியாகக் கழன்று வந்தது. சாப்பாடு சோறும் பருப்பும். புளி என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பது இந்த ஊருக்கு இன்னும் தெரியாது.

ஊர் ஒரு பெரிய வாணலி மாதிரி. நடுவில் நாங்கள், ஓரமெல்லாம் பச்சை மலை. அதற்கும் பின்னால்தான் பனிமலைகள். ஸ்டுடியோ முதலாளியை இங்கே சாஹுஜி என்று கூப்பிடுகிறார்கள். அவருடைய ஜீப்பில் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி ஒரு முகட்டுக்கு ஏறுகிறோம். வெளிநாட்டுக்காரர்கள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு டீயோடு காத்திருப்பார்கள். அவர்களை மலைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பது என் வேலை. சூரியன் எழுவதற்கு முன்பே பனியின் உச்சி மட்டும் சிவக்கிறது தேவிகா. கீழே பள்ளத்தாக்கு முழுக்க இருட்டு, மேலே அந்த ஒரு கோடு மட்டும் சிவப்பு. முதல் நாள் நான் கேமராவைத் தூக்கவே மறந்துவிட்டேன்.

மறந்தது பரவாயில்லை. ஞாபகம் வந்தபிறகு செய்ததுதான் கூத்து. நம் ஸ்கெலட்டனில் நான் தங்கச் சுரங்கத்துக்குள் மெஷின்களைப் படம் எடுக்கத்தானே அடிக்கடி இறங்கினேன்? அங்கே ஃப்ளாஷ் இல்லாமல் ஒன்றும் விழாது. கை பழகிப்போனதில் பனிமலைக்கே ஃப்ளாஷ் அடித்துவிட்டேன். நூறு மைல் தள்ளி நிற்கிற மலைக்கு! ஒரு வெள்ளைக்காரி சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிக்கொண்டாள். ஜீப் டிரைவர் இப்போது என்னை 'ஃப்ளாஷ் பாய்' என்றுதான் கூப்பிடுகிறான்.

ஒரு படம் அனுப்புகிறேன். இங்கே பெரிய அளவுக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குத்தான் மவுசு, அதனால் சிவப்பை நீயே நினைத்துக்கொள். அப்பா கண்ணில் படுகிற மாதிரி எங்காவது வை. மூன்று வருஷமாக ஒரே வீட்டில் என்னோடு பேசாமல் இருந்தவர். தன் சுரங்க வேலையை எனக்கு வாங்கித்தர அவர் அலைந்தபோது, நான் வெளிச்சத்தில் பிழைத்துக்கொள்கிறேன் என்றேன். "பொழைச்சிக் காட்டுடா பாக்கலாம்" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. காட்டியிருக்கிறேன் என்று நீ சொல்ல வேண்டாம். படத்தை மட்டும் வை.

நேத்ராவுக்கு முத்தம். உனக்கும்தான்.

முனிரத்தினம்


ஸ்கெலட்டன்
3.11.2000

நேத்ரா அப்பாவுக்கு,

உங்கள் கை கால் பத்திரமாக இருப்பதில் சந்தோஷம். என்னுடையதுதான் தேய்ந்துகொண்டிருக்கிறது. காலையில் குழந்தையை ஸ்கூலுக்குத் தள்ளி, மாமாவுக்கு வெந்நீரும் மருந்தும் கொடுத்து, ராபர்ட்சன்பேட்டை தையல் கடைக்கு ஓடி, பதினோரு மணிக்கு மறுபடி வீட்டுக்கு ஓடிவந்து அவருக்கு மூச்சு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி ஓடி... கடையைத் தவிர, அவர் இருமல் காதில் விழுகிற தூரத்துக்கு அப்பால் நான் போய் ஒரு வருஷம் ஆகிறது. தங்கச்சி வளைகாப்புக்கு பங்காருப்பேட்டைக்குக்கூடப் போகவில்லை. நீங்கள் என்னவென்றால் வெள்ளைக்காரியை டீ கொட்ட வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இருக்கட்டும்.

படத்தை அவர் மருந்து வைக்கிற ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்தேன். முதல் நாள் பார்க்காத மாதிரி இருந்தார். இரண்டாம் நாள் கண்ணாடியைத் தேடினார். மூன்றாம் நாள் நான் கடையிலிருந்து வரும்போது படம் அவர் மடியில் இருந்தது.

"இது எத்தினி அடி ஒசரம்?" என்று கேட்டார்.

நீங்கள் நின்ற முகடு ஏழாயிரம் அடி இருக்கும் என்று பக்கத்து வீட்டு கிளாரன்ஸ் அண்ணன் அவர் மகனின் அட்லஸைப் பார்த்துச் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் விரலை மடக்கிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"சொரங்கத்துல தொண்ணூறாம் லெவல்ல இருந்து கேஜ் கூண்டுல ஏறி வர்றேன்னு வெய்யி. அங்க காத்து கொதிக்கும். அம்பதத் தாண்டினா கொஞ்சம் லேசாவும். இருபதுல இன்னும் லேசு. மேல வந்து நின்னா மூச்சு தானா ஓடும். முப்பத்திரண்டு வருசம் பாத்துகீறேன், ஏற ஏற நெஞ்சு லேசாவுது. அதுக்கும் மேல ஏழாயிரம் அடி ஏறினா இன்னா ஆவும்? நீயே சொல்லும்மா."

நெஞ்சில் சுரங்க டஸ்ட் படிந்தது படிந்ததுதான் என்று டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அவர் கணக்குச் சரியாகத்தான் பட்டது. கிளாரன்ஸ் அண்ணன் ஆமாம் என்றார். எதிர்வீட்டு மரியகுழந்தை அண்ணனும் ஆமாம் என்றார். கேஜில் ஏறி இறங்கிய ஆள் ஒருத்தர் பாக்கியில்லாமல் நம் தொழிலாளர் லைன் முழுக்க ஆமாம் போட்டது. டாக்டரையும் கேட்டேன். "காற்று சுத்தமாக இருந்தால் கெடுதல் இல்லை, குளிருக்கு மட்டும் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றார்.

கடைசியாக மாமா கேட்டது: "முனிரத்தினம் இருக்கிற ஊட்ல எனக்கு ஒரு மூல கெடைக்குமா?"

உங்கள் பேரைச் சொன்னார். பார்த்துக்கொள்ளுங்கள், மூன்று வருஷத்துக்குப் பிறகு. நான் அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டேன். பதில் சீக்கிரம் போடுங்கள்.

தேவிகா


காத்மாண்டு
22.11.2000

தேவிகா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. என் பேரைச் சொன்னாரா? எந்தக் குரலில் சொன்னார்? கோபமாகவா, சாதாரணமாகவா? நீ இதையெல்லாம் எழுதமாட்டாய், அடுப்படியில் அழுததை மட்டும் எழுதுவாய்.

கூட்டிக்கொண்டு வா. மூலை என்ன, முழு அறையே தருகிறேன். வடக்குப் பக்கம் ஜன்னல் வைத்த அறை ஒன்று பார்த்திருக்கிறேன், காலையில் கட்டிலில் படுத்தபடியே மலை தெரியும். காற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பானைத் தண்ணீரைக் குடிக்கிற மாதிரி இருக்கும். நேற்றுக் காலை எடுத்த படம் இரண்டு வைத்திருக்கிறேன். முதல் படத்தில் சூரியன் முக்கால் எழுந்துவிட்டது. அப்பாவிடம் சொல், முதலில் குங்குமச் சிவப்பு, பிறகு ஆரஞ்சுப் பழத் தோல், கடைசியில் நெய் நிறம். மொத்தமே பத்து நிமிஷம்தான், அதற்குள் முடிந்துவிடும்.

இருமல் எப்படி? சளியில் ரத்தம் வருகிறதா? அதை மட்டும் தெளிவாக எழுது. புகை பட்டால் ரொம்பச் சிரமப்படுகிறாரா? நீ சமைக்கும்போது எப்படி இருக்கிறார்? சும்மாதான் கேட்கிறேன்.

தை பிறந்ததும் வரலாம். அவசரம் இல்லை. குளிர் கொஞ்சம் குறையட்டும் என்றாலும் சரிதான்.

முனிரத்தினம்


ஸ்கெலட்டன்
12.12.2000

நேத்ரா அப்பாவுக்கு,

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஜனவரி 22, திங்கட்கிழமை. என் தம்பி நாகேஷ் துணைக்கு வருகிறான். அக்காவுக்காக பத்து நாள் லீவு போடுகிறானாம், ஒரு வருஷத்துக்கு இதைச் சொல்லிக்காட்டுவான். நேத்ராவுக்கு ஸ்கூலில் சொல்லிவிட்டேன். தையல் கடையில் என் மெஷினை வேறு பெண்ணுக்குக் கொடுக்கப்போகிறார்கள், திரும்பி வந்தால் இடம் இருக்காது. அது தெரிந்துதான் சொன்னேன்.

மாமாவை நீங்கள் இப்போது பார்க்க வேண்டும். தினமும் ஷேவ் செய்கிறார். இட்லி இரண்டு இருந்தது நாலு ஆகிவிட்டது. கம்பை ஊன்றிக்கொண்டு லைன் கோடி வரைக்கும் நடந்து, பார்க்கிறவர்களிடம் எல்லாம் "ஏழாயிரம் அடி" என்கிறார். நேத்ரா உங்கள் படத்தில் சூரியனுக்கு மஞ்சள் கிரேயான் பூசிவிட்டாள். "குங்குமச் செவப்புன்னு உங்கப்பன் எழுதிகீறான், இன்னாத்துக்கு மஞ்சா பூசுற?" என்று அவளோடு ஒரு மணி நேரம் சண்டை. இருமல் அப்படியேதான் இருக்கிறது. ரத்தம் எப்போதாவது வரும். நான் சமைக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் உட்காருவார், மண்ணெண்ணெய் ஸ்டவ் புகைகூட ஆகாது.

இனி என் கேள்விகள். ஒன்றுவிடாமல் பதில் வேண்டும். அந்த அறைக்கு எத்தனை படி ஏற வேண்டும்? பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா? புகையைப் பற்றி எதற்குக் கேட்டீர்கள்? சும்மா கேட்கிற ஆள் இல்லை நீங்கள்.

இன்னொன்று. நாலு நாளாக இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அக்டோபரில் அனுப்பிய படத்தில் இடது ஓரத்தில், உச்சிக்குக் கீழே, ஒரு பறவை சிறகை விரித்துக்கொண்டு இருக்கிறது. நேற்று எடுத்தேன் என்று நவம்பரில் அனுப்பிய இரண்டாவது படத்திலும் அதே இடத்தில் அதே பறவை, அதே சிறகு. ஓரத்தைக் கொஞ்சம் வெட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மலைதான் நகராது. பறவையுமா ஒரு மாசம் அங்கேயே நின்றது?

நான் தையல்காரி. ஒரே அச்சில் வெட்டின துணியை இரண்டு என்று சொல்லி யாரும் என்னிடம் விற்க முடியாது. மாமாவிடம் சொல்லவில்லை. எனக்குப் பதில் எழுதுங்கள்.

தேவிகா


காத்மாண்டு
29.12.2000

தேவிகா,

கூட்டிக்கொண்டு வராதே.

முதலில் இதை எழுதிவிட்டேன். இனி என்ன எழுதினாலும் நீ இதைப் படித்திருப்பாய்.

நான் முகட்டுக்குப் போனது மொத்தம் பத்தொன்பது நாள். அக்டோபரோடு அது முடிந்தது. நவம்பர் பாதியிலேயே செங்கல் சூளைகள் மூட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஊர் வாணலி மாதிரி என்று எழுதினேன் இல்லையா? அந்த வாணலிக்கு மூடி போட்ட மாதிரி புகை. சூளைப் புகை, டெம்போ புகை, குளிருக்குக் கொளுத்துகிற டயர் புகை, எல்லாம் சேர்ந்து மலையைத் தாண்டிப் போக வழியில்லாமல் மத்தியானம் வரைக்கும் தரையிலேயே கிடக்கிறது. மூக்கைச் சிந்தினால் கறுப்பு. எனக்கே இருமல் வந்துவிட்டது. இந்த ஊரில் அப்பா ஒரு வாரம் தாங்கமாட்டார். முகட்டில் காற்று நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே ஹோட்டல்கள்தான் இருக்கின்றன, நம்மால் அங்கே குடியிருக்க முடியாது.

மலை தெரியாததால் டூரிஸ்ட் கும்பலும் குறைந்துவிட்டது. சாஹுஜியின் அண்ணன் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எடுத்த நெகட்டிவ்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. அவற்றைத்தான் பெரிதாக அச்சுப்போட்டு விற்கிறார்கள். அச்சுப்போடுவது நான். ஸ்டுடியோவுக்குக் கீழே, தரைக்கு அடியில், டார்க் ரூம். ஒரு சிவப்பு பல்பு. யாராவது தெரியாமல் திறந்து பேப்பரில் வெளிச்சம் பட்டுவிடக்கூடாது என்று கதவை வெளியே தாழ் போட்டுவிடுவார்கள். காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் மத்தியானம் சோற்றுக்குத் திறப்பார்கள். மறுபடி ஆறு மணிக்கு. என் கேமராவை சாஹுஜி அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். மார்ச்சில் சீசன் கணக்கு முடிந்ததும்தான் தருவாராம். அது வரைக்கும் நான் ஓடிப்போகாமல் இருக்க வேண்டுமே, அதற்கு. நான் அனுப்பிய மூன்று படமும் அந்தப் பெட்டியில் இருந்தவை. நான் எடுத்தவற்றை எல்லாம் வெள்ளைக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சுரங்க வேலைக்கு இறங்கமாட்டேன் என்று அப்பாவிடம் அவ்வளவு வாய் பேசினேன். இப்போது இருக்கிற இடத்தைப் பார்.

உன் கடிதம் 24ஆம் தேதி வந்தது. தபாலை நம்பினால் தாமதமாகும் என்று உடனே பூத்துக்கு ஓடி கிளாரன்ஸ் அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டேன். நீ கடையில் இருப்பாய், அண்ணனிடம் சொல்லி உன்னை நிறுத்தச் சொல்லலாம் என்று நினைத்தேன். எடுத்தது அப்பா. டி.வி. பார்க்க வந்திருந்தாராம்.

"முனிரத்தினமா? டேய், நான் வரேன்டா. தேவிகா ஸ்வெட்டர் பின்னிகினு கீறா. நல்லா கீறியா நீ?" என்றார்.

நடுநடுவே மூச்சு வாங்கியது. மூன்று வருஷத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த பேச்சு அது. நீயே சொல், வராதே என்று எந்த வாயால் சொல்வேன்? "வாங்கப்பா" என்றேன். "ஏழாயிரம் அடிதானே?" என்று கேட்டார். "ஆமாம்பா" என்றேன். லைன் போய்விட்டது. மறுபடி போடலாம்தான். போடவில்லை. நான் கோழை தேவிகா, அதைத் தவிர இதற்கு வேறு பேர் கிடையாது. அப்புறம் ஐந்து நாள் பேனாவைத் திறக்கவில்லை.

இதை ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன். 22ஆம் தேதிக்கு முன் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று பசுபதிநாதர் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். நீதான் அவரிடம் சொல்ல வேண்டும். எவ்வளவு திட்டினாலும் சரி.

முனிரத்தினம்


ஸ்கெலட்டன்
18.1.2001

முனிரத்தினம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று, 17ஆம் தேதி வந்தது. ஐந்து நாள் மிச்சம். தேங்காய் வேலை செய்தது.

நீங்கள் டார்க் ரூமில் இருப்பதற்கு நான் கோபப்படவில்லை. வேலை என்றால் எங்காவது செய்யத்தான் வேண்டும். மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு வடக்குப் பக்கம் ஜன்னல் வைத்தீர்களே, அதை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன். அவர் கேட்டது ஒரு மூலை. இல்லை என்று அப்போதே ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அப்புறம் மறந்திருப்பார். அவர் வாயால் உங்களைக் கெட்டிக்காரன் என்று சொல்ல வைக்க வேண்டும், அதற்காக அவரையே கொண்டுபோய்ப் புகைக்குள் போடப் பார்த்தீர்கள். நானும் முட்டாள், சந்தேகம் வந்தபிறகும் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தேன்.

திட்டி முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

இன்று காலை சொல்லிவிடுவது என்று போனேன். முற்றத்து வெயிலில் உட்கார்ந்து பழைய பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார், உடம்பு தேறிவிட்டதாம், பழைய ஓட்டை இறுக்குகிறதாம். பெட்டியை ஒரு வாரமாகக் கட்டி வாசலிலேயே வைத்திருக்கிறார். போன மாசம் டாக்டர் பார்த்துவிட்டு, மனசுதான் இவரை நடக்க வைக்கிறது, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கூட்டிக்கொண்டு போனாலும் போய்விடுவார், போகவில்லை என்று சொன்னாலும் போய்விடுவார். நான் எங்கே போவது?

"மாமா, அங்க பனி கொட்டி ரோடு மூடிட்டாங்களாம். பங்குனியிலதான் வரச் சொல்லி எழுதிகீறாரு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார். "அப்போ பங்குனி" என்றார். "கேஜுக்குக் காத்துகினு நின்னே பாதி ஆயுசு போச்சு. இது இன்னா, ரெண்டு மாசம்."

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நாகேஷை அனுப்பிவிட்டேன். பெட்டியை உள்ளே எடுத்து வைக்கப் போனேன், விடவில்லை.

ஆக, இப்போது நானும் பொய்க்காரி. உங்களோடு சேர்ந்தாயிற்று. இனிமேல் நான் சொல்வதைக் கேளுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் வர வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு படம். அவருக்கு வாசித்துக் காட்டுகிற மாதிரி ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம். பறவை இல்லாத படமாகப் பார்த்து அனுப்புங்கள்.

தேவிகா


காத்மாண்டு
6.2.2001

தேவிகா,

'அவர்களுக்கு' என்று எழுதியிருந்தாய். எனக்கு அது வேண்டியதுதான்.

படம் இரண்டு இருக்கிறது. பறவையை பிளேடால் நெகட்டிவில் சுரண்டி, பென்சிலால் தொட்டு மூடிவிட்டேன். சூரியன் இருக்கிற இடத்தையும் ஒன்றில் கைவிரலால் மறைத்து அச்சுப்போட்டு மேகம் மாதிரி ஆக்கிவிட்டேன். இந்த வேலையில் நான் தேர்ந்துவிட்டேன். ஒரே நெகட்டிவிலிருந்து ஆறு விடியற்காலை செய்யத் தெரியும் இப்போது. அப்பாவுக்கு வாசிக்க வேண்டிய பக்கம் தனியாக இருக்கிறது.

போன வாரம் ஒரு நாள் மழை பெய்தது. மறுநாள் காலை புகை அடங்கிவிட்டது. ஏழு மணிக்கு முன்னால் மொட்டைமாடிக்கு ஓடினேன். மூன்று மாசத்துக்குப் பிறகு மலை முழுசாக நின்றது. நிறம் நான் அப்பாவுக்கு எழுதுகிற மாதிரியே இல்லை. குங்குமமும் இல்லை, நெய்யும் இல்லை. அடிபட்டுக் கன்றிய தோலுக்கு ஒரு நிறம் வருமே, அதில் ஆரம்பித்தது. கேமரா அலமாரிக்குள். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். கீழேயிருந்து கூப்பிட்டார்கள், இறங்கிவிட்டேன்.

என்னால் முடியவில்லை தேவிகா. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டால் வேலையை விட்டுவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மார்ச்சில் கேமரா கைக்கு வந்ததும் ஊருக்கு வந்துவிடட்டுமா? அப்பா காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். திட்டட்டும், மறுபடி பேசாமல் இருக்கட்டும். எதிரில் இருந்து பேசாமல் இருக்கட்டும். அது போதும் எனக்கு.

முனிரத்தினம்


ஸ்கெலட்டன்
5.3.2001

நேத்ரா அப்பாவுக்கு,

சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பேப்பரில் பார்த்திருப்பீர்கள், இல்லாவிட்டால் என் மூலமாகத் தெரிந்துகொள்ளுங்கள். மார்ச் ஒன்றாம் தேதி முதல் யாரும் இறங்கவில்லை. ஷிஃப்ட் சங்கு ஊதவில்லை என்பதால் நேத்ரா ஸ்கூலுக்கு லேட். லைன் முழுக்க ஆண்கள் பகலில் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள், எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல். மரியகுழந்தை அண்ணன் காலையில் லஞ்ச் டப்பாவைக் கழுவித் துடைத்து, அப்புறம்தான் ஞாபகம் வந்து வைத்துவிட்டார்.

மாமாவுக்கு இப்போது நடமாட்டம் இல்லை. கட்டிலில்தான். உங்கள் பக்கத்தைத் தினமும் வாசிக்கச் சொல்கிறார். புதுக் கடிதம் வரவில்லை என்றால் பழையதையே. டாக்டரிடம் எத்தனை நாள் என்று கேட்டேன். அவர் மாத்திரையை மட்டும் மாற்றி எழுதினார்.

நீங்கள் வரட்டுமா என்று கேட்டதைப் பற்றி. எனக்கு நீங்கள் வேண்டும். இதை எழுத வெட்கமாக இல்லை. இந்த வீட்டில் பேச ஆள் இல்லாமல் ஸ்டவ்வோடு பேசுகிறேன். அதனால் நானே அவரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"மாமா, அவரு இங்கயே வந்துடட்டுமா? உங்களப் பாத்துக்க."

அவர் படக்கென்று எழுந்து உட்காரப் பார்த்தார். "இன்னாத்துக்கு? வேல போச்சா? மலையில இருந்து எறக்கிட்டாங்களா அவன?" என்றார். அதற்குள் மூச்சு அடைத்துக்கொண்டது. கண் மேலே போய்விட்டது. கிளாரன்ஸ் அண்ணன் ஓடிவந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரம். நான் செத்துப் பிழைத்தேன். இல்லை மாமா, சும்மா கேட்டேன், அவருக்கு அங்கே நல்ல வேலை, அங்கேயேதான் இருக்கிறார் என்று நூறு தடவை சொன்ன பிறகுதான் மூச்சு சீரானது. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, விட்டுவிட்டுப் பேசினார்:

"எல்லாம் மூடிக்கினு போச்சு. என் புள்ள ஒருத்தன் மேல கீறான். அவன் அங்க கீறான்னுதான் நான் இங்க கீறேன். நான் வர்ற வரைக்கும் அவன் அந்த எடத்த வுட்டு நகரக் கூடாது. எழுதும்மா. இப்பவே எழுது."

எழுதிவிட்டேன்.

வராதீர்கள். நீங்கள் வாசலில் வந்து நின்றால் அதைப் பார்த்தே அவர் உயிர் போகும். நீங்கள் அங்கேயே இருந்தால் அவர் இன்னும் சில நாள் இருப்பார், உங்களைப் பார்க்காமல். இதைத் தவிர எனக்கு மூன்றாவது வழி தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், நான் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

தேவிகா


காத்மாண்டு
23.3.2001

அப்பாவுக்கு,

நீங்கள் சொல்லி அனுப்பியது கிடைத்தது. இன்று காலையும் மேலேதான் இருந்தேன். ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு உச்சி சிவந்தது. காற்று அவ்வளவு லேசாக இருந்தது, நான் மூச்சு விட்டது எனக்கே தெரியவில்லை. டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு பாறை இருக்கிறது, சாய்ந்துகொள்ள வசதியாக. அதில் யாரையும் உட்காரவிடாமல் வைத்திருக்கிறேன். ரோட்டில் பனி இன்னும் கரையவில்லை, கரைந்ததும் எழுதுகிறேன். நீங்கள் வருகிற வரைக்கும் இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்.

உங்கள் மகன்
முனிரத்தினம்

தேவிகா, இது வரைக்கும் வாசித்துவிட்டுப் பேப்பரை மடித்துவிடு.

உன் கடிதம் நேற்று வந்தது. அதற்கு முந்தின நாள்தான் சாஹுஜி அலமாரியைத் திறந்து கேமராவைக் கையில் கொடுத்தார். சீசன் வேலை முடிந்தது, நல்லபடியாக வேலை செய்தாய், ஊருக்குப் போய் வா என்று தோளில் ஒரு சால்வையும் போட்டார். எல்லைக்கு பஸ் டிக்கெட் எடுத்துவிட்டேன். நேத்ராவுக்கு ஒரு கம்பளிக் குல்லாய் வாங்கினேன், உனக்கு ஒன்றும் வாங்கத் தோன்றவில்லை, உன்னைப் பார்த்தால் போதும் என்று இருந்தது. பையைக் கட்டி முடித்தபோது தபால்காரன் வந்தான்.

பைமேலேயே உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது வழி எனக்கும் தெரியவில்லை. வேறு எங்காவது ஒளிந்திருக்கலாம் என்று பார்த்தால், பதினைந்து நாளுக்கு ஒரு படம் வேண்டுமே, நெகட்டிவ் எல்லாம் இங்கேதானே இருக்கிறது. சாஹுஜியிடம் திரும்பிப் போனேன். கீழ் அறையில் இன்னும் கொஞ்ச நாள் வேலை கொடுங்கள் என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. இப்போது வேலையே இல்லையே, உன்னை யாரும் பிடித்து வைக்கவில்லையே என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சரி என்றார்.

அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தந்தி கொடு. கொள்ளி வைக்க என்னால் வந்து சேர முடியாது, நாகேஷை வைக்கச் சொல். அது வரைக்கும் அவருக்கு வாசித்துக் காட்டு, எந்த நிறம் வேண்டும் என்று கேட்டு எழுது, அந்த நிறத்திலேயே எழுதுகிறேன்.

பஸ் டிக்கெட்டை டீக்கடைக்காரனிடம் கொடுத்துவிட்டேன். கேமராவை நானே அலமாரியில் வைத்துச் சாவியை சாஹுஜியிடம் கொடுத்தேன். இனிமேல் கதவுக்குத் தாழ் தேவையில்லை என்று அவர் சிரித்தார். இல்லை, போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். திறந்திருந்தால் நான் வந்துவிடுவேன் தேவிகா.

முனிரத்தினம்